எங்கள் வீட்டுக்குள் ஓடிய பஸ்

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசியில், திண்டிவனத்தில் நாங்கள் குடியிருந்த இரண்டு அறை வாடகை வீட்டில் நடந்தது இது. நான் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே காலையிலிருந்து இருட்டும் வரை போய் வந்துகொண்டே இருப்பேன். ஒரு நாள் வேலை, மறுநாள் ஓய்வு. எனக்கு வாய் கொஞ்சம் பெரிது. பஸ்ஸில் அது இல்லாமல் பிழைக்க முடியாது. வீட்டுக்கு வந்த பிறகும் அதைச் சட்டையோடு கழற்றி மாட்டத் தெரியவில்லை என்பதுதான் என்னுடைய கோளாறு.

அந்த மாதம் என் மனைவிக்கு விழுப்புரத்தில் முதுகில் ஆபரேஷன் நடந்தது. துணிக்கடையில் நாள் முழுக்க நின்று, குனிந்து, கட்டுக்கட்டாகப் புடவையைத் தூக்கித் தூக்கி முதுகுத்தண்டில் சவ்வு விலகிவிட்டது. இடது கால் மரத்துப்போய் செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரியாத நிலைமை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஆறு வாரம் குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது. மறுபடி விலகினால் மறுபடி கத்தி வைக்க வேண்டி வரும், அப்போது அந்தக் காலுக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது என்றார்.

எங்களுக்கு இரண்டு பெண்கள். பெரியவளுக்கு அப்போது ஏழு வயது, சின்னவளுக்கு நாலு. ஒத்தாசைக்கு வர உறவில் யாருக்கும் தோது இல்லை. பக்கத்துப் போர்ஷன் அக்காதான் குழம்பு, ரசம் என்று ஏதாவது கொடுத்து அனுப்புவார். சோறு நானே வடித்துவிடுவேன். மற்ற வேலைகள்தான் மலைபோல் நின்றன. எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர் அழுக்காகிறது, இத்தனை துணி விழுகிறது என்பதே எனக்கு அந்த மாதம்தான் தெரியும்.

என் மனைவிக்கு ஒரு குணம். தரையில் ஒரு சோற்றுப் பருக்கை கிடந்தால் கண்ணை மூடிக்கொண்டு படுக்க மாட்டாள். நான் பிள்ளைகளை விரட்டுவேன். "ஜல்தி ஜல்தி, துணியை எட்து வை, தட்டை எட்து வை" என்று படிக்கட்டில் தொங்குகிறவர்களைக் கத்துகிற மாதிரியே கத்துவேன். பெரியவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள், சின்னவள் அழுவாள். அழுகைச் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து கட்டில் கிறீச்சிடும். "நீங்க கத்தாதீங்க, நானே எட்து வைக்கிறேன்" என்று அவள் எழுந்து வருவாள். மூன்றாவது நாளே அப்படி எழுந்து வந்து, கொட்டிக் கிடந்த இட்லி மாவைத் துடைக்கப் பாதி குனிந்தவள் ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், அந்தச் சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அதிர்ஷ்டம், தசை பிடிப்பு மட்டும்தான். ஆனால் அடுத்த தடவை அதிர்ஷ்டம் இருக்குமா என்ற பயம் எனக்கு வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்கு இன்னும் அதிகமாகத்தான் கத்த வரும்.

மறுநாள் எனக்கு ஓய்வு, பள்ளிக்கூடத்துக்கு மழை லீவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, காய்ந்தும் காயாமலும் கொடியிலிருந்து அள்ளி வந்த துணிக் குவியலுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். வெளியே விடாத மழை. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. கண் சொக்கியது. கண்டக்டர் தூக்கம் எப்படி என்று கண்டக்டர் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். உடம்பு தூங்கும், வாய் மட்டும் டிக்கெட் கேட்டுக்கொண்டிருக்கும். நானும் ஏதோ சொல்லியிருக்கிறேன்.

"கூட்டேரிப்பட்டு எல்லாம் எறங்கு, கூட்டேரிப்பட்டு."

"நானு எறங்கணும்" என்றது ஒரு குரல்.

கண்ணைத் திறந்தேன். சின்னவள் எதிரில் நிற்கிறாள், கையில் அவளுடைய பாவாடை. "இவங்க எறங்கணுமாம்பா" என்று பாவாடையைக் காட்டினாள். பாதித் தூக்கத்தில் எனக்கு அது வேடிக்கையாகவே படவில்லை, நியாயமாகத்தான் பட்டது. "டிக்கெட் எங்க வாங்கினாங்க?" என்றேன். "திண்டிவனம்." "அவங்க விழுப்புரம் போறவங்க. உள்ள இட்டுக்கினு போய் அம்மாகிட்ட எறக்கி உடு" என்றேன். அவள் பாவாடையின் இரண்டு நாடாவையும் பிடித்து நடத்திக்கொண்டே உள்ளறைக்குப் போனாள். பெரியவள் ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். பிறகு என் சட்டை ஒன்றை எடுத்து மடித்து, "இவரு ஸ்டாண்டிங்" என்று சொல்லிக்கொண்டே தங்கச்சி பின்னால் போனாள்.

இப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் பஸ் ஓட ஆரம்பித்தது. முன்னறை திண்டிவனம். நடையில் செருப்பு விடும் இடம் ஜக்காம்பேட்டை. சமையற்கட்டு கூட்டேரிப்பட்டு. பின்கட்டில் பாத்திரம் தேய்க்கிற இடம் விக்கிரவாண்டி. அங்கே டோல்கேட் உண்டு. சின்னவள் துடைப்பத்தைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நிற்பாள், அந்த இடத்தைப் பெருக்கி முடித்தால்தான் கேட் திறக்கும். கடைசி நிறுத்தம் உள்ளறையில் என் மனைவி படுத்திருந்த கட்டில். அதுதான் விழுப்புரம். எந்த வேலை எங்கே தொடங்கினாலும் விழுப்புரத்தில்தான் முடியும். மடித்த துணி, துடைத்த டம்ளர், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் உரித்த வேர்க்கடலை எல்லாம் அங்கே போய் அம்மா கண்ணில் பட்டால்தான் டிரிப் கணக்காகும். அவள் ஒருக்களித்துப் படுத்தபடியே, "இந்த சட்டை இன்னா, உள்பக்கம் வெளிய போட்டுக்கினு வந்துருக்கு, அவர திருப்பி அனுப்பு" என்பாள். சின்னவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

என்னுடைய பழைய விசில் ஒன்றைச் சின்னவளுக்குக் கொடுத்திருந்தேன். சட்டம் எங்கள் பஸ்ஸில் உள்ளதுதான். ஒரு விசில் என்றால் எல்லாரும் நின்றுவிட வேண்டும். இரண்டு விசில் கேட்டால்தான் நகரலாம். தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் ஆளுக்கு ஒரு சின்ன சொம்பு. முற்றத்துக் குழாயிலிருந்து சொம்பு சொம்பாகப் பயணிகளை ஏற்றி வந்து சமையற்கட்டு அண்டாவை நிரப்புவார்கள். பாதி தண்ணீர் வழியிலேயே இறங்கிவிடும். நான் பின்னாலேயே துடைத்துக்கொண்டு போவேன்.

சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, அந்த மழைநாட்களில் அந்த வீடு நிஜமாகவே நகர்ந்தது. கண்ணாடியில் தண்ணீர் ஓட, தகரக் கூரையில் மழை இரைய, பிள்ளைகள் ஒருத்தி இடுப்பை ஒருத்தி பிடித்துக்கொண்டு போக, நான் அரிசி களைந்துகொண்டே ஊர் பேர் சொல்லிக்கொண்டிருப்பேன். ஒரு மாதிரி மயக்கமாக இருக்கும். வெளியே எட்டிப் பார்த்தால் எங்கள் தெரு இருக்காது, ஏதோ ஏரிக்கரை போய்க்கொண்டிருக்கும் என்று தோன்றும். கட்டில் கிறீச்சிடுகிற சத்தம் நின்றேபோனது. கத்தவும் இல்லை நான். எத்தனை நாள் கத்தவில்லை என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

நாலாவது வாரம் ஒரு ஓய்வு நாளில், என்னோடு ஓட்டுகிற டிரைவர் அண்ணன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு என் மனைவியைப் பார்க்க வந்தார். வீடு சுத்தமாக இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்.

"இன்னாப்பா, ஆளு வச்சிருக்கியா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் விளையாட்டை ஒன்று விடாமல் சொன்னேன். கடைசியில் கொஞ்சம் மசாலாவும் சேர்த்தேன். "பசங்களுக்கு ஒரு எழவும் தெரியாதுண்ணா. வெளையாட்டுன்னு நெனச்சிக்கினு இருக்குதுங்க. நல்லா ஏமாத்தி வேல வாங்கிக்கினு இருக்கேன்."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். திரும்பினால் பெரியவள் தண்ணீர்ச் சொம்போடு நின்றுகொண்டிருந்தாள். சொம்பை அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். முகத்தில் ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலம் சின்னவள் விசில் ஊதிக் கூப்பிட்டபோது, "எனக்கு வீட்டுப்பாடம் இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் எனக்கு வேலை. மழை வலுத்து, பள்ளிக்கூடம் லீவு என்று காலையில் சொல்லிவிட்டார்கள். பத்து மணி இருக்கும். விழுப்புரத்திலிருந்து கிளம்பித் திண்டிவனம் வந்துகொண்டிருந்தோம். முண்டியம்பாக்கம் தாண்டியதும் பக்கத்துப் போர்ஷன் அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, பயப்படாத. பெரிய பொண்ணு கீழ உழுந்துட்டுது. மோவாய்ல அடி. நான் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன். நீ வந்து சேரு."

"அவ? அவ எழுந்தாளா?" என்றேன். பிள்ளைக்கு அடிபட்டிருக்கிறது, நான் முதலில் கேட்டதோ என் மனைவியைப் பற்றி. அவர் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

பஸ் நிறைய ஜனம். பாதியில் இறங்கி எங்கே ஓட முடியும், நான் இருக்கிற பஸ்தான் என் வீட்டுக்குப் போகிறது. மழையில் அண்ணன் மெதுவாகத்தான் ஓட்டினார். "விக்கிரவாண்டி" என்று குரல் கொடுத்தேன், எனக்குப் பின்கட்டும் துடைப்பமும் தெரிந்தன. "கூட்டேரிப்பட்டு" என்றேன், சமையற்கட்டு அண்டா தெரிந்தது. யாரோ சில்லறை கேட்டார்கள், எந்த ஊர்க்காரர் என்று நினைவில்லை. என் வீட்டுக்குள்ளேயே ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போவதற்கு முக்கால் மணி நேரம் ஆகிறது, எத்தனை நடந்தும் அந்தக் கட்டில் மட்டும் வரவில்லை என்பது மாதிரி ஒரு கனவில் இருந்தேன். இத்தனை வருட சர்வீஸில் அத்தனை நீளமான டிரிப் நான் போனதே இல்லை.

திண்டிவனத்தில் வேறு ஆளிடம் பையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். என் மனைவி கட்டிலில் படுத்திருந்தாள். கண் சிவந்திருந்தது. அவள் கால்மாட்டில் சின்னவள் விசிலை வாயில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

நடந்ததை என் மனைவி சொன்னாள். காலையில் அம்மா தூங்கும் நேரம் பார்த்துப் பெரியவள் ஒருத்தியாகவே வீட்டைப் பெருக்கியிருக்கிறாள், பாத்திரம் தேய்த்திருக்கிறாள். பிறகு எவர்சில்வர் குடத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக் குழாய்க்குப் போயிருக்கிறாள். முக்கால் குடம் தண்ணீரை இடுப்பில் ஏற்றப் பார்த்து, பாசியில் வழுக்கி, குடத்தின் விளிம்பில் மோவாய் மோதி விழுந்திருக்கிறாள்.

"சத்தம் கேட்டு ஓடிட்டேங்க. எப்படி எழுந்தேன்னு தெர்ல. பார்த்தா பிள்ள ரத்தத்தோட கெடக்குது. தூக்கறதுக்குக் கைய நீட்டிட்டேன். இது பின்னால நின்னுக்கினு ஒரு விசில் அடிச்சிது பாருங்க, அப்படியே நின்னுட்டேன். குனியப் போனவ, நின்னுட்டேன்."

சின்னவள் விசிலை எடுத்துவிட்டு, "நான் ரெண்டு விசில் குடுக்கவே இல்ல, அம்மா நகரப் பாத்தாங்கப்பா" என்று புகார் சொன்னாள்.

"கீழ கெடந்துக்கினே பெரியது இன்னா சொல்லிச்சு தெரியுமா?" என் மனைவி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "'ம்மா, குனியாத. எனக்கு ஒன்னுல்ல. பக்கத்து வூட்டு அக்காவக் கூப்புடு'ன்னு சொல்லிச்சுங்க. வாயெல்லாம் ரத்தம்."

நான் அவள் கால் விரல்களைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. ஆண்பிள்ளை என்று பார்க்காமல் அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் அக்கா பெரியவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மோவாயில் இரண்டு தையல், பெரிய வெள்ளைக் கட்டு. என்னைப் பார்த்ததும் திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவள் அப்படிக் குறுக்கியதைப் பார்த்ததும் கிட்டே போய் அவளைத் தூக்கிக்கொண்டேன். மடியில் உட்காரவைத்துக்கொண்டு, எவ்வளவு மெதுவாகக் கேட்க முடியுமோ அவ்வளவு மெதுவாகக் கேட்டேன்.

"சொம்புலதானம்மா தண்ணி எடுப்பீங்க. கொடத்த ஏம்மா தூக்கின?"

"வெளையாட்டுக்குத்தான் சொம்பு" என்றாள். கட்டுக்குள்ளிருந்து குரல் சரியாக வரவில்லை. "வேலைன்னா கொடம்."

அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். பிறகு, "அது வேலைன்னு நேத்து அப்பா சொன்னதுலதான் தெரிஞ்சிக்கினியா?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பரிதாபம் இருந்தது. "மொத நாளே தெரியும்பா. துணி மடிக்கிறது வேலைதான."

"அப்புறம் ஏன் வெளையாண்ட?"

"நீ பஸ் ஓட்டினா கத்த மாட்ற. நீ கத்தலன்னா அம்மா எழுந்துக்க மாட்டாங்க." அவ்வளவுதான், ஏதோ கூட்டல் கணக்குச் சொல்வது போலச் சொல்லிவிட்டாள். பிறகு என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, "பாப்பாக்குத்தான் தெரியாது. நானும் நீயும் சேந்து பாப்பாவ ஏமாத்தறோம்னு நெனச்சிக்கினு இருந்தேன். நீ அந்த மாமாகிட்ட எனக்கும் தெரியாதுன்னு சொல்ட்ட, அதான் வேலையாவே செஞ்சேன்" என்றாள். அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். அடிபட்டதற்கு அழாதவள், தையல் போடும்போது ஊசிக்கு அழாதவள் என்று அக்கா சொன்னார். இதற்கு அழுதாள்.

இருபது நாளுக்கு மேலாக ஒரு குழந்தையை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறேன். அவளோ என்னைத் தன் கூட்டாளி என்று நம்பிக்கொண்டு, நான் கத்தாமல் இருக்க வேண்டுமே என்று தினமும் வந்து பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். "தப்பு பண்ணிட்டேம்மா" என்றேன். அது அவளுக்குப் போதவில்லை. "அந்த மாமாகிட்ட சொல்லு" என்றாள்.

பஸ் விழுப்புரத்தில் நிற்கும் நேரம் பார்த்து டிரைவர் அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று அவர் பதறிக் கேட்டார். நல்லா இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, "ண்ணா, நேத்து நான் சொன்னது தப்புண்ணா. என் பெரிய பொண்ணுக்கு எல்லாம் தெரியும். நானும் அவளும் சேந்துதான் அந்த பஸ்ஸ உடுறோம்" என்றேன். விவரம் கேட்காமலே அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். "அப்படியா, அப்போ அவங்களுக்கு ஒரு சலாம் சொல்லிடுப்பா" என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்பது போலத் தலையாட்டினாள்.

மீதி இரண்டு வாரமும் பஸ் ஓடியது. சின்னவள் முன்னால் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான் வித்தியாசம். குடத்தை நான் பரண்மேல் ஏற்றிவிட்டேன். ஆறு வாரம் முடிந்து டாக்டரிடம் காட்டப் போனபோது, என் மனைவியைக் குதிகாலிலும் நுனிக்காலிலும் நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, கால் நன்றாக இருக்கிறது, இனி மெல்ல மெல்ல வேலை பார்க்கலாம் என்றார். அன்று திரும்பும்போது பிள்ளைகள் இருவரும் அவள் தோளில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தார்கள்.

இப்போது பெரியவளுக்கு ஒன்பது வயது. மோவாயில் சின்னதாக ஒரு தழும்பு உண்டு. பிள்ளைகளை வீட்டு வேலை செய்ய வைக்க ஏதாவது விளையாட்டு சொல்லேன் என்று கூட வேலை செய்கிறவர்கள் இப்போதும் கேட்கிறார்கள். சொல்கிறேன், எங்கள் பஸ்ஸைச் சொல்கிறேன். ஆனால் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. அந்த ஆறு வாரம் என் வீட்டில் சத்தம் எழாமலும் என் மனைவி குனியாமலும் பார்த்துக்கொண்டவள் ஒரு ஏழு வயதுப் பெண் என்பது நினைவுக்கு வரும்போதெல்லாம், கோபத்தில் வாயைத் திறக்கப் போனவன் மூடிக்கொள்கிறேன்.